அரசரின் மூக்கு சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வருமென்று நாம் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மாசிலாமணி என்றொரு விகடகவி இருந்தான். பட்டத்து யானையைத் தும்பிக்கை தூக்கி வணங்கப் பழக்கினால் அரசர் மகிழ்வார் என்று அவனுக்குத் தோன்றியது. பழக்கியும் விட்டான். யானை அப்போதுதான் குளத்தில் நீர் உறிஞ்சிவிட்டு வந்ததை மட்டும் கவனிக்கவில்லை. அரசரைக் கண்ட யானை பணிவாகத் தும்பிக்கையைத் தூக்கியது. கிரீடம் முதல் பாதுகை வரை அரசர் நனைந்தார்.

மறுநாள் சபையில் அரசர் பேசிய முதல் வார்த்தை, "அச்!"

மாசிலாமணி தூணோடு தூணாக ஒண்டிக்கொண்டான்.

அப்போது அரண்மனை வைத்தியர் முன்னே வந்தார். "மகாராஜா, ஆற்றங்கரை ஊர்களில் காய்ச்சல் பரவுகிறது. ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள். மருந்து தீர்ந்துவிட்டது."

பிரதானி கருணாகரர் முந்திக்கொண்டார். "வைத்தியத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பொன் தருகிறோமே! பக்கத்து நாட்டில் வெறும் இரண்டாயிரம். நம்மைவிடத் தாராளமான அரசு எங்கே இருக்கிறது?"

மாசிலாமணிக்கு வாய் சும்மா இருக்காது. "மொத்தச் செலவில் அது எவ்வளவு, பிரதானியாரே?"

"ஐந்து லட்சம் பொன் செலவிடும் பேரரசு இது! இருபதாயிரத்தில் குடித்தனம் நடத்தும் அந்தக் குட்டி நாட்டோடு நமக்கென்ன பேச்சு? மகாராஜாவுக்குச் சளி பிடிக்க வைத்தவன் நம் தாராளத்தையும் சந்தேகிக்கிறான். நிரூபிக்கட்டும், இல்லையேல் நாடு கடத்துங்கள்!"

அரசர் மூக்கைத் துடைத்தார். "சரி. நம் நாட்டு வைத்தியத்தையும் அவர்கள் வைத்தியத்தையும் எனக்கே கொடு. எது பெரிதென்று என் மூக்கே சொல்லட்டும்."

"உத்தரவு" என்றான் மாசிலாமணி.

மடைப்பள்ளி முற்றத்தில் விருந்துக்குச் சோறாக்கும் பெரிய அண்டா அடுப்பில் ஏறியது. பக்கத்தில் ஒரு சின்னப் பானை.

"மொத்தச் செலவில் ஆயிரம் பொன்னுக்கு ஒரு செம்புத் தண்ணீர். வைத்தியச் செலவில் ஆயிரம் பொன்னுக்கு ஒரு துண்டு சுக்கு. அண்டாவில் ஐந்நூறு செம்பு, பானையில் இருபது. சுக்கை நீங்களே போடுங்கள், பிரதானியாரே. என் கை ராசியை யானையிடம் கேட்டால் தெரியும்."

கருணாகரர் பெருமையோடு எல்லோரும் கேட்க எண்ணி, அண்டாவில் பத்துத் துண்டு போட்டார். பானையில் இரண்டை அலட்சியமாக எறிந்தார்.

கொதித்து இறங்கியதும், அரசர் அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் குடித்தார். "இது வெந்நீர் அல்லவா?"

பானையிலிருந்து ஒரு கிண்ணம் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. தொண்டை காந்தியது. அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது.

"எங்கே போயிற்று நம் சுக்கு?"

"பத்துத் துண்டும் அண்டாவிலேயே இருக்கிறது, மகாராஜா. தண்ணீர்தான் அதிகம். யானைகளுக்குத் தங்க முகபடாம், வசந்த மண்டபத்துக்குப் பளிங்கு, பிரதானியார் பல்லக்குக்குப் பட்டுத் திரை, எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் மிதக்கின்றன. அவர்கள் ஐம்பது செம்புக்கு ஐந்து துண்டு போடுகிறார்கள். நாம் ஐம்பதுக்கு ஒன்று."

கருணாகரர் தம் பல்லக்கு நிற்கும் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார்.

"மாலை அழகாக இருக்கிறது, மகாராஜா. ஆற்றங்கரைக்கு?"

"பார்ப்போம்."

அரண்மனையில் இருபது ஆண்டுகளாக அவன் கேட்டுக்கொண்டிருக்கும் பதில் அது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு பணிவாக நீட்டினான். "அப்படியானால் மகாராஜா இதையே குடித்துக்கொண்டிருக்கலாம். இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது செம்பு இருக்கிறது. ஆற்றங்கரையில் இதைத்தான் குடிக்கிறார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அரசர் செம்பைப் பார்த்தார். வைத்தியரைப் பார்த்தார்.

"வைத்தியத்துக்கு நூற்றுக்குப் பத்து," என்றார். "இந்த ஆண்டிலிருந்தே. வைத்தியரே, மருந்து வண்டி இப்போதே புறப்படட்டும்."