விடங்கன் விட்ட ஊர்

பூதியார் துறவியாவதற்கு முன் படைத்தலைவராக இருந்தவர். ஒரு கோட்டையைப் பறிகொடுத்த பிறகு, வாளை அரசனிடம் ஒப்படைத்துவிட்டு, புல்கூட முளைக்காத ஒரு பாறைக்குன்றில் வந்து தங்கிவிட்டார். போரைப் பற்றிக் கேட்டு வருபவர்களுக்குக் கஞ்சி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

விடங்கன் என்ற துணி வணிகன் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவரைவிட இரண்டு வயதுதான் இளையவன்.

"ஐயா, எனக்குப் போர்க்கலை கற்றுத்தர வேண்டும்."

"வணிகனுக்கு அது எதற்கு?"

"துறைமுகத்தில் ஒரு கடை, ஆற்றூரில் ஒரு கடை, மலையடிவாரத்தில் ஒரு கடை வைத்திருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த வணிகக் கூட்டம் மூன்று ஊரிலும் என்னைவிட மலிவாக விற்கிறது. அவர்களிடம் முந்நூறு பொதிமாடுகள் இருக்கின்றன. என்னிடம் அறுபது. அவர்களுடைய தலைவன் பெரிய தந்திரசாலி. அவன்..."

"அவனைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அறுபது மாடுகளும் எங்கே இருக்கின்றன?"

"ஊருக்கு இருபது."

பூதியார் எழுந்து குகைக்குள் போய்விட்டார். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

விடங்கன் அங்கேயே தங்கினான். சுனையிலிருந்து தண்ணீர் சுமந்தான். கஞ்சி காய்ச்சினான். பேச்சே இல்லாமல் மூன்று வாரங்கள் போயின. ஒரு நாள் காலை, விறகு பிளந்துகொண்டிருந்தவனிடம் பூதியார் தானாகவே சொன்னார்.

"என் கோட்டைக்கு மூன்று வாயில்கள். என்னிடம் அறுநூறு பேர் இருந்தார்கள். வாயிலுக்கு இருநூறு பேராக நிறுத்தினேன். வந்த ஆயிரம் பேரும் தெற்கு வாயிலுக்கே வந்தார்கள்."

விடங்கன் கோடாரியைக் கீழே வைத்தான்.

"அவர்கள் தெற்கே வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்படியென்றால் ஐந்நூறு பேரை அங்கே நிறுத்தியிருக்கலாமே?"

"மற்ற இரண்டு வாயில்களுக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்கள் வந்து என் முகத்தைப் பார்த்தார்கள்."

"பிறகு?"

"மூன்று பக்கமும் ஒரே நாளில் எரிந்தது."

விடங்கன் அன்றே குன்றைவிட்டு இறங்கினான்.

முதலில் துறைமுகக் கடையை விற்றான். அங்கே வேலை பார்த்தவர்கள் கப்பல்காரர்களிடம் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

மலையடிவாரக் கடை அப்படியல்ல. அதை நடத்தியவன் காரி, விடங்கனின் தங்கை நங்கையின் கணவன். பதினோரு குடும்பங்கள் அந்தக் கடையை நம்பி இருந்தன. கடையை மூடச் சொல்லி விடங்கன் ஓலை அனுப்பினான். நேரில் போகவில்லை.

காரி ஓலையோடு ஆற்றூருக்கு வந்து நின்றான்.

"மச்சான், நஷ்டத்தில் ஓடும் கடையை மூடுவார்கள். நன்றாக ஓடும் கடையை யாராவது மூடுவார்களா?"

"இன்னும் ஒரு வருடம் ஓடும். அப்புறம் அவர்கள் விலையை இன்னும் குறைப்பார்கள். மூன்று ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மாடுகள் எல்லாம் எனக்கு இங்கே வேண்டும்."

"இங்கே என்ன செய்யப் போகிறாய்?"

"படகுக்காரர்களும் உப்பளத்து ஆட்களும் கட்டும் முரட்டுத் துணி. அது ஒன்றுதான். வடக்கத்தியர்கள் அதைக் கையால்கூடத் தொடமாட்டார்கள்."

காரி கையிலிருந்த ஓலையைச் சுருட்டினான். அவனும் வணிகன்தான். புரிந்துகொண்டான்.

"சரியாகத்தான் தோன்றுகிறது," என்றான். "எங்களுக்கு?"

"நீயும் நங்கையும் இங்கே வந்துவிடுங்கள். அந்தப் பதினோரு குடும்பத்துக்கு இங்கே இடமில்லை."

"அவர்களை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன், மச்சான். உன் பெயரைச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்."

காரி கடைச் சாவியைப் பாயின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

விடங்கன் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. வடக்கத்தியர்கள் மற்ற இரண்டு ஊர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஆற்றூரில் மட்டும் அவர்களால் நுழைய முடியவில்லை. நெசவாளிகளும் படகுக்காரர்களும் விடங்கனை விட்டுக்கொடுக்கவில்லை. நூறு தறிகள் இருந்த ஊரில் முந்நூறு தறிகள் ஓடின.

காரி அந்தப் பதினோரு குடும்பங்களோடு மரம் வெட்ட மலைக்குப் போனான். மூன்றாவது மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் பரவியது. பதினான்கு பேர் இறந்தார்கள். கடைசியாக இறந்தது காரி.

செய்தி கேட்டு விடங்கன் ஓடினான். குடிசை வாசலில் நங்கை நின்றிருந்தாள்.

"வாருங்கள்," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை "வா அண்ணா" என்று அழைத்தவள் அவள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரப் பலகை போட்டாள். அவன் தன்னோடு வரக் கூப்பிட்டபோது, "எனக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த வருடம் விடங்கன் மீண்டும் குன்றேறினான். தலை முழுக்க நரைத்திருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னான்.

"நான் செய்தது தவறா, ஐயா?"

"இல்லை."

"மூன்று கடையையும் வைத்துக்கொண்டிருந்தால்?"

"முந்நூறு தறியும் இருந்திருக்காது."

"அப்படியென்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?"

பூதியார் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினார்.

"அன்று நீங்கள் தெற்கு வாயிலில் ஐந்நூறு பேரை நிறுத்தி வென்றிருந்தால், இந்தக் குன்றுக்கே வந்திருக்க மாட்டீர்கள்."

"வந்திருப்பேன்," என்றார் பூதியார். "இன்னும் சீக்கிரமாக."

காற்று பாறைகளுக்கிடையே புழுதியை வாரிக்கொண்டு போனது. விடங்கன் வந்த காரியத்தைச் சொன்னான்.

"ஆற்றூர் வணிகர் சபையில் என் கதையை ஏட்டில் எழுதியிருக்கிறார்கள், ஐயா. புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். எல்லா இடத்திலும் நிற்க நினைப்பவன் எங்கேயும் நிற்க முடியாது, விடங்கன் இரண்டு ஊரை விட்டான், ஓர் ஊரில் நின்று வென்றான் என்று எழுதியிருக்கிறார்கள். முடிவாக ஒரு வரி சொல்லச் சொல்லி என்னைக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"மலையில் இறந்தவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறதா?"

"இல்லை."

"காரியின் பெயர்?"

விடங்கன் இல்லை என்று தலையசைத்தான்.

"நடுவில் எழுத வேண்டியதே இன்னும் பாக்கி இருக்கிறது," என்றார் பூதியார். "அதற்குள் முடிவுக்கு என்ன அவசரம்?"