ஒரு வாசலில் இரண்டு அரசர்கள்

பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் ஜார்ஜியா நாட்டை ஒரு காலத்தில் இரண்டு அரசர்கள் ஒரே சமயத்தில் ஆண்டார்கள். சிரிக்காதீர்கள், கேளுங்கள். மூத்தவன் பெயர் ஜும்பர், இளையவன் பெயர் மமுகா. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும்.

அந்த நாட்டை வென்றிருந்த மங்கோலியப் பேரரசன் கான்தான் இருவருக்கும் முடிசூட்டினான். இவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தால் தன்னை எதிர்க்க மாட்டார்கள் என்பது அவன் திட்டம்.

திட்டம் நன்றாகவே பலித்தது. யார் முதலில் உட்காருவது, யார் முதலில் சாப்பிடுவது, யார் முதலில் வாசலைக் கடப்பது என்று மூன்று வேளையும் சண்டை. கான் ஆண்டுதோறும் இருவருக்கும் காலணி அனுப்புவான். ஒரே தோல், ஒரே அளவு, ஒரே தையல். ஒருவனுக்கு ஒரு தையல் கூடினாலும் மற்றவன் ஊரைக் கூட்டிவிடுவானே!

ஒருநாள் கான் இருவரையும் தன் கூடாரத்துக்கு வரச் சொன்னான். அந்தக் கூடாரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாசற்படியை யாரும் மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். மிதித்தவன் தலை போய்விடும்.

இருவருக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? "நான்தான் முதலில்" என்று இருவரும் ஒன்றாக வாசலில் நுழைந்தார்கள். தோள்கள் இடித்தன. மமுகா தடுமாறினான். அவன் கால் படியின்மேல் பதிந்தது.

வெளியே மழை. படியில் சேற்றுத் தடம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. காவலர்கள் வாளை உருவினார்கள். ஆனால் அந்த நெரிசலில் மிதித்தது யார் என்று அவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. காலணிகளைப் பார்த்தார்கள். நான்கும் ஒன்றுபோல் இருந்தன.

கான் புன்னகைத்தான். "ஜும்பர், மிதித்தவனைக் காட்டு. நாடு முழுவதும் உனக்கே."

ஏழு வருடமாக ஜும்பர் ஆசைப்பட்டது இதற்குத்தானே! ஒரு விரலை நீட்டினால் போதும். அப்போது அவன் கண்ணில் ஒன்று பட்டது. வழக்கமாக அவர்களுக்காகப் போடும் இரண்டு மெத்தைகளில் ஒன்றைப் பணியாள் அதற்குள் சுருட்டிக்கொண்டிருந்தான். இன்று தம்பியின் மெத்தை என்றால், அடுத்த வருடம் யாருடையது? தம்பியைப் பார்த்தான். சின்ன வயதில் ஆற்றில் விழுந்தபோது இருந்த அதே வெளுத்த முகம்.

"மிதித்தது நான்" என்றான் ஜும்பர்.

மமுகா திடுக்கிட்டான். "இல்லை பேரரசே, அண்ணன் பொய் சொல்கிறார். என் கால்தான்!"

கான் இரண்டாம் முறை கேட்டான். இருவரும் "நான்" என்றார்கள். வாள்களை அவர்கள் கழுத்தில் வைக்கச் சொல்லி மூன்றாம் முறை கேட்டான். கழுத்தில் ரத்தம் துளிர்த்தது. அப்போதும் இருவரும் "நான்" என்றார்கள்.

கானின் புன்னகை மறைந்தது. ஒருவனைக் கொன்றால், அது தவறானவனாக இருந்தால் சட்டம் கெடும். இருவரையும் கொன்றால், மலைநாடு மொத்தமும் மூன்றாவது ஒருவன் பின்னால் திரண்டுவிடும்.

"மிதித்தது நான் கொடுத்த காலணி" என்றான் கடைசியில். "அதற்கே தண்டனை. நான்கையும் எரியுங்கள். இவர்கள் குதிரை இல்லாமல், வெறுங்காலோடு பனிமலைப் பாதையில் நடந்து ஊர் போகட்டும்."

உயிர் தப்பிய இருவரும் வாசலுக்கு வந்தார்கள். பழக்கத்தில் இருவரும் ஒன்றாகக் காலைத் தூக்கினார்கள். உடனே ஜும்பர் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"நீ முதலில் போ, தம்பி. பார்த்து, படி இருக்கிறது."

மமுகா அழுதுகொண்டே தாண்டினான். பிறகு திரும்பி, அண்ணனுக்குக் கை நீட்டினான்.

அன்பர்களே, பழியைப் பங்குபோட்டுக்கொள்ளும் சகோதரர்களை எவ்வளவு பெரிய பகைவனாலும் பிரிக்க முடியாது.