மூடிய பள்ளமும் வராத தண்ணீரும்

ஊசிப்பாறைக் காட்டில் குப்பண்ணன் என்றொரு பெருச்சாளி இருந்தது. மண் தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அது சொல்வதைக் கேட்கத்தான் அந்தக் காட்டில் ஒருவருக்கும் பொறுமையில்லை.

காட்டின் உச்சியில் வற்றாத சுனை ஒன்று உண்டு. விலங்குகள் வசித்ததோ அடிவாரத்துப் புல்வெளியில். கோடையில் தாகமெடுத்தால் முதலை மடுவுக்குத்தான் போக வேண்டும். போன வாரம் செவ்வந்தி என்ற மானின் குட்டி அங்கே முதலையிடமிருந்து மயிரிழையில் தப்பியது.

செவ்வந்தி குப்பண்ணனிடம் ஓடி வந்தது. "அண்ணே, சுனைத் தண்ணியை இங்கே கொண்டுவர வழியே இல்லையா? பிள்ளையை மறுபடி அந்த மடுவுக்குக் கூட்டிப்போக எனக்குக் காலே வரமாட்டேங்குது!"

"ஏன் இல்லாம? மூங்கில் குழாயை மண்ணுக்குள்ளே பதிப்போம். புல்வெளியில் ஒரு குழாயை நட்டு, தக்கை வச்சு அடைப்போம். தக்கையைப் பிடுங்கினா தண்ணி!"

குப்பண்ணன் இருபது நாள் தோண்டியது. யானை நடக்கும் தடத்தில் மூன்று முழ ஆழம், மற்ற இடத்தில் ஒன்றரை முழம். மூங்கிலை மூங்கிலோடு சேர்த்து, நார் சுற்றி, தேன்மெழுகு பூசியது. முதுகு ஒடிந்துபோனது பாவம்!

வேலை முடியும்போது காட்டுத் தலைவர் வந்து நின்றார். சிங்காரம் என்ற கடுவன் குரங்கு அவர். மரத்தை விட்டு இறங்கி ஒரு கைப்பிடி மண்ணைக்கூட அள்ளியவரில்லை.

"குப்பண்ணே, நாளைக்குத் திறப்பு விழா! யானையார் வர ஒப்புக்கிட்டார்!"

"நாளைக்கா? தலைவரே, தண்ணியை விட்டு ரெண்டு நாள் பள்ளத்தைத் திறந்தே வச்சிருக்கணும். எந்த இணைப்பு கசியுதுன்னு பார்த்துட்டுத்தான் மூடணும்."

"விருந்தாளி வர்ற இடத்தில் பள்ளமா? பார்க்க அசிங்கமா இருக்காது?"

"இருக்கட்டும்! அசிங்கம் ரெண்டு நாளைக்குத்தான். மண்ணைத் தொடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்!"

சிங்காரம் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி, குப்பண்ணன் மறுநாள் விடியற்காலையில் மலையேறியது. சுனையின் வாயில் சருகு புகாமல் நார்வலை கட்டி, தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பிவிட்டது. ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கலாம் என்று கீழே இறங்கியது.

பார்த்தால், பள்ளத்தையே காணோம்!

குரங்குக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து மண்ணைத் தள்ளியிருந்தது. காட்டுப்பன்றி மேலே குதித்துக் குதித்து மிதித்திருந்தது. போதாததற்குப் புல் வேறு நட்டிருந்தார்கள். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று, தோண்டிய குப்பண்ணனுக்கே தெரியவில்லை.

"அட கடவுளே! யாருய்யா மூடச் சொன்னது?" என்று அது தலையில் அடித்துக்கொண்டது.

"எப்படி? அழகா இருக்கில்ல?" என்று பல்லைக் காட்டினார் சிங்காரம்.

விழா தொடங்கியது. சிங்காரம் கழுத்தில் மாலையோடு மரக்கிளையில் நின்று பேசினார். பிறகு சிங்காரத்தைப் பற்றி மூன்று குரங்குகள் பேசின. வெயில் ஏறிக்கொண்டே போனது. செவ்வந்தியின் குட்டி நாக்கு வறண்டு தாயின் காலடியில் சுருண்டது.

ஒருவழியாக யானையார் வந்து தக்கையைப் பிடுங்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்!

"பார்த்தீங்களா, வேலை தெரியாதவன் கையில் வேலையைக் கொடுத்தா இப்படித்தான்!" என்று கத்தினார் சிங்காரம்.

குப்பண்ணனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வாயில் நல்லா வருது எனக்கு! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா? இப்போ எங்கே ஒழுகுதுன்னு நான் எந்த மண்ணைத் தோண்டுறது?"

"புல்லை நாசம் பண்ணாதே, ஆமா!"

"புல்லா முக்கியம்?"

இரண்டு பேரும் நெடுநேரம் மாறி மாறிக் கத்தினார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. செவ்வந்தி குட்டியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மடுப் பக்கம் கிளம்பியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் குப்பண்ணன் ஒன்றைக் கண்டது. சற்றுத் தள்ளிக் காட்டுப்பன்றி சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது.

"ஏய், இந்த வறட்சியில் உனக்குச் சேறு எங்கேயிருந்து வந்தது?"

"தெரியாதுண்ணே. காலையிலிருந்து ஊறுது. குளுகுளுன்னு இருக்கேன்னு படுத்துட்டேன்."

"எழுந்திருடா!"

குப்பண்ணன் பாய்ந்து தோண்டியது. பன்றி மிதித்த மிதியில் ஓர் இணைப்பில் மூங்கில் இரண்டும் விலகி, தண்ணீர் மண்ணுக்குள் பீறிட்டுக்கொண்டிருந்தது. குப்பண்ணன் நாரை எடுத்து இறுக்கிச் சுற்றும்போது பின்னால் நொண்டும் காலடி கேட்டது. திரும்பிப் பார்த்தது.

செவ்வந்தி நின்றிருந்தது. குட்டி பத்திரமாக இருந்தது. ஆனால் தாயின் பின்னங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. முதலை குட்டியின்மேல் பாய, தாய் குறுக்கே விழுந்திருக்கிறது.

"பிள்ளை தண்ணி குடிச்சிட்டான், தலைவரே. நீங்க விழாவை நடத்துங்க," என்றது செவ்வந்தி.

சிங்காரம் கழுத்து மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கீழே இறங்கி, தான் நடச்சொன்ன புல்லைத் தன் கையாலேயே பிடுங்கத் தொடங்கினார்.

குழாய் முழுவதையும் மறுபடி திறந்தார்கள். இன்னும் மூன்று இணைப்புகள் கசிந்தன. எல்லாவற்றையும் அடைத்து, இரண்டு நாள் பார்த்து, அதன் பிறகே மூடினார்கள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. செவ்வந்தி அங்கே நொண்டிக்கொண்டே வந்து குடித்தது. அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை.

சோதித்துப் பார்க்காமல் மூடிய வேலைக்கு மாலை போட்டுக்கொண்டால், அதன் வலி மாலை போட்டவனுக்கு அல்ல, நம்பித் தாகத்தோடு நின்றவனுக்கே.