தொட்டி மேல போட்ட தகரம்

உடையாதுடி பூங்கோத. இந்தச் சோதனைத் தொட்டியில தண்ணி ஊத்தினா கரி நுரை உடைஞ்சிரும்னு நீ சொல்ற. தணிகாசலமும் அப்படித்தான் நெனச்சாரு.

அவரு ஜார்க்கண்டுல நிலக்கரி கழுவுற ஆலையில பெரிய இன்ஜினியர். மாவாட்டம் இருக்கற கரித்தூளத் தண்ணியில கலக்கி, டீசலும் நுரை மருந்தும் விட்டு, அடியிலருந்து காத்த ஊதுவாங்க. கரி குமிழியில ஒட்டிக்கிட்டு மேல வரும். மண்ணு கீழயே நின்னுரணும்.

அவருக்கு நிக்கல. மண்ணும் கூடவே ஏறி வந்துச்சு. எரிச்சா ஒரே சாம்பல். இரும்பு ஆலைக்காரன் லாரியத் திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு தடவ திரும்பினா உன் பிரிவையே மூடிருவேன்னுட்டாரு முதலாளி.

மனுஷன் நுரையப் புள்ளையாட்டம் பாத்தவரு. மழை சொட்டக் கூடாதுன்னு தொட்டி மேல தகரம் போட்டாரு. பக்கத்துல தரை கழுவினவன வெரட்டினாரு. வீட்டுல பால் பொங்கினாக்கூட அடுப்ப அணைக்காம, என்ன அழகுன்னு பாத்துட்டு நிப்பாராம். அவரு பொண்டாட்டி பொலம்புவா. அது கெடக்கட்டும்.

கடைசியில, நுரை வித்தையிலயே ஊறின ரெபேக்கா மேடத்தத் தேடிப் போனாரு. இவரவிடச் சின்னவங்க. இவருதான் கையக் கட்டிட்டு நின்னு, சொல்லிக் குடுங்கன்னாரு.

மேடம் ஆலைக்கு வந்தாங்க. தொட்டியப் பாத்தாங்க.



தோட்டக்காரர்கிட்ட பூவாளி வாங்கி, தண்ணி மொண்டு, படியேறி, நுரை மேல சாய்க்கப் போனாங்க.

தணிகாசலம் பாஞ்சு போயி கையப் புடிச்சிட்டாரு. பொம்பள கையாச்சேன்னுகூடத் தோணல.

"மேடம், நுரை செத்துரும்."

"கைய விடுங்க சார்."

விட்டாரு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. பூத்தூறலாட்டம் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

தொறந்து பாத்தா, நுரை நிக்குது.

கரி குமிழிய விடல. குமிழிக்கு நடுவுல தேங்கிக் கெடந்த சேத்துத் தண்ணிதான் கீழ எறங்கிருச்சு. சாம்பலாட்டம் வெளிறிக் கெடந்த நுரை, கண்மையாட்டம் கறுத்து மினுங்குது.

அள்ளி விரல்ல தேச்சாரு. வெறும் கரி.

 எத்தன மழை வந்து தட்டிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

"இனி நான் என்ன செய்யணும் மேடம்?"

மேடம் அண்ணாந்து பாத்தாங்க.

"அந்தத் தகரத்தக் கழட்டச் சொல்லுங்க சார்."

தகரம் இருந்த எடத்துல தண்ணி தூவற குழாய் வந்துச்சு. அப்புறம் போன லாரி எதுவும் திரும்பி வரலடி. என்ன, இன்னும் மொறைக்கிற? ஏ பூங்கோத, கொல்லையில பூவாளி கெடக்கும், உள்ள எடுத்துட்டு வா.