கூட்டக் கூட்டக் கூடிய வலி

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஊர் சிரிக்கத்தான் செய்தது. சின்ன ஊரில் ஊசி போட்டே பேர் வாங்கிய டாக்டர் இருளப்பன், கிளினிக்கைப் பூட்டிவிட்டு, வலி வைத்தியம் கற்றுக்கொள்ள டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய்ச் சேர்ந்தார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

போகும்போது தன் நோயாளி ஒருவரையும் கையோடு அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மிக்கேல். முதுகெலும்பில் புற்றுநோய். கொஞ்ச நேரமாவது இவர் கண்ணை மூடித் தூங்கினால் போதும் என்று மனைவி ரோஸ்மேரி அழுதபோது, நானாச்சு என்று வாக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

மார்ஃபின் கொடுத்தார். வலி தணிந்தது, திரும்ப வந்தது. கூட்டினார். மறுபடி வந்தது. இன்னும் கூட்டினார். கடைசியில் போர்வை மேலே பட்டாலே மிக்கேல் துடித்துப்போனார். நோய் முற்றிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தால், அது இருந்தபடியேதான் இருந்தது. ரோஸ்மேரி முகத்தைப் பார்க்க இருளப்பனுக்குக் கூசியது.

"இன்னும் கூட்டட்டுமா மேடம்?"

மெஹருன்னிசா மார்ஃபினைப் பாதியாகக் குறைத்தார். கூடவே வேறொரு மருந்தைத் துளியூண்டு சேர்த்தார்.

இருளப்பனுக்குப் பகீரென்றது. "கத்துற மனுஷனுக்கு மருந்தைக் குறைக்கிறதா?"

பக்கத்தில் பயந்துபோய் நின்ற ரோஸ்மேரிக்கும் புரியும்படி மெஹருன்னிசா பதில் சொன்னார்.

"தண்டுவடத்துல இந்த மருந்து போய் ஒட்டிக்கிறதுக்குன்னே ஏற்பிகள் இருக்கும்மா. ஒட்டிக்கிச்சுன்னா வலி மூளைக்குப் போகாது. அங்கேயே வேற ஒரு வகை ஏற்பியும் இருக்கு. அது வலியைப் பெருக்கிவிடும். மார்ஃபின் மேல மேல போகப்போக அதுவும் முழிச்சுக்குது."

"அப்ப இந்தத் துளி மருந்து?" என்றார் இருளப்பன்.

"அதை அடக்கிவைக்க."

ரெண்டொரு நாள் இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குறைத்ததில் வலி கூடித் தொலைத்தால் ரோஸ்மேரி மூஞ்சியில் எப்படி முழிப்பது?

ஒரு மத்தியானம் வார்டுக்குள் நுழைந்தால், மிக்கேல் கழுத்துவரை போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார். இருளப்பன் முதலில் மூச்சைப் பார்த்தார். சீராகத்தான் இருந்தது. ரோஸ்மேரி கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கண்ணில் தண்ணீர் முட்டியது.

மெஹருன்னிசா உள்ளே வந்ததும் மனதில் கிடந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"மேடம், ஒண்ணு மட்டும் எனக்கு மனசு ஆறல. நான் கொடுத்ததெல்லாம் இவர் நல்லதுக்குத்தானே கொடுத்தேன்? நல்லதுக்குக் கொடுத்தது எப்படி மேடம் வலியாகும்?"

சந்தோஷத்தில் அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. மிக்கேலின் நெற்றி சுருங்கியது. முனகிக்கொண்டே புரண்டு படுத்தார்.

மெஹருன்னிசா நழுவிய போர்வையை இழுத்துவிட்டார்.

"நல்ல கேள்விதான் சார். கொஞ்சம் மெதுவாக் கேளுங்க."