ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே எந்த நாடு?

திருச்செங்கோட்டில் பூமியைத் துளைத்துப் போர் போடும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வண்டிகளில் வேலை பார்க்கும் கெட்டிக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. நாம் பார்க்கப்போவது மிச்சம் இருந்த நாலு பேரை.

நாலு பேருக்கும் தலைவன் செங்கோட்டுவேல். இருபத்தாறு வருஷமாகப் பூமியில் ஓட்டை போட்டவன். அதுவும் ஐந்து மாநிலத்தில் போட்டவன். ஐந்து மாநிலம் பார்த்தவனுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று மற்ற மூவரும் நம்பினார்கள். செங்கோட்டுவேலும் நம்பினான்.

வண்டி ஓட்டுவது அத்தப்பன். செக்போஸ்ட்டுகளில் அடிக்கடி பிடிபட்டதால் அவன் சட்டம் தெரிந்தவன் என்று பெயர். ராடு மாட்டுவது பொன்னுரங்கம். சந்தேகம் கேட்பதும் அவன்தான். கம்பிரசரைப் பார்த்துக்கொள்கிற கைலாசம் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவான். அவ்வளவு யோசித்துப் பேசுகிறவன் தப்பாகப் பேச மாட்டான் என்பது மற்றவர்களின் முடிவு.

ஐப்பசி மழையில் யாரும் போர் போடுவதில்லை. வண்டி முதலாளி ஆந்திராவுக்குக் கிளம்பும்போது, சும்மா நின்றால் துருப் பிடித்துவிடும், அப்பப்ப ஓட்டி வையுங்கப்பா என்று சொல்லிப் போனார். இஞ்சினைச் சொன்னார். நாலு பேரும் தினம் காலையில் அந்த வண்டியை ஈரோடு வரை ஓட்டிப் போய், அங்கே டீ குடித்துவிட்டு, திரும்ப ஓட்டி வந்து நிறுத்தினார்கள்.

மிச்சப் பொழுதுக்குத்தான் ஒரு போன் கைக்கு வந்தது. செங்கோட்டுவேலின் சொந்தப் போன் கர்னூலில் ஒரு போருக்குள் விழுந்து எட்டு மாசம் ஆகிறது. இது அவன் பெண்சாதி பாவாயியின் போன். ஒரு நிமிஷம் கொடு என்று வாங்கி வந்திருந்தான். மகள் பவானியில் இரண்டாம் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் கூப்பிட்டால் ஓடி வந்து தரவேண்டும் என்று சொல்லித்தான் பாவாயி கொடுத்தாள்.

கிரிக்கெட்டில் டாஸ் எவன் ஜெயிப்பான் என்று அத்தப்பன் பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்வான். அப்படிச் சொல்கிறவர்களுக்குக் காசு கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போனிலேயே இருக்கிறதாம். அவனே அதைத் தேடித் திறந்தான். கலர் கலராக விளக்கு எரிந்தது. ஒரு பெண் சிரித்தாள். சிரிக்கிறாளே என்று அவள் மேலேயே அமுக்கினான். சிரிப்பு மறைந்து ஒரு வரி வந்தது: ‘மன்னிக்கவும். நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தச் சேவை கிடையாது.’

செங்கோட்டுவேலுக்கு முகம் தொங்கிப்போனது. கல்யாண மண்டபத்தில் பந்தியிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வெளியே நில் என்றிருக்கிறார்கள். ஒரு போன் அவனை வாசலோடு நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

“நாம எந்த நாட்டுல இருக்கறோம்னு அதுக்கு எப்பிடிங்ணா தெரியும்?” என்று கேட்டான் பொன்னுரங்கம்.

பார்த்துத்தான் தெரிந்திருக்கும் என்று கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அதே வரி வந்தது. பேச்சைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது என்றான் கைலாசம். உடனே எல்லோரும் தெலுங்குக்கு மாறினார்கள். தெலுங்கும் இந்த நாட்டுப் பாஷைதான் என்பது அரை மணி நேரம் கழித்து ஞாபகம் வந்தது. பிறகு நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. இருமல் வந்தால் வெளியே போய் இருமினார்கள். மறுபடி அமுக்கிப் பார்த்தபோது அதே வரி.

“மௌனமும் நம்ம நாட்டுதாட்ட இருக்குது” என்றான் செங்கோட்டுவேல்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கார்மேகத்திடம் போனார்கள். அவர் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். தலை நிமிராமலே பதில் சொன்னார். இந்த ஆட்டமெல்லாம் நம் பக்கம் ஆகாது. அதனால் ஆள் எங்கிருந்து வருகிறான் என்று கம்பெனிக்காரனே பார்த்துத்தான் உள்ளே விடுவான். நெட்டுக்கு என்று ஒரு நம்பர் உண்டு, அதிலேயே நாடு தெரிந்துவிடும். சிம் கார்டு காட்டிக்கொடுக்கும். வானத்தில் சாட்டிலைட் வேறு இருக்கிறது. இத்தனையும் தாண்டி எவனாவது புகுந்து ஜெயித்தாலும், காசு எடுக்கப் போகும்போது அடையாள அட்டையையும் முகத்தையும் ஒன்றாகப் படம் பிடித்து அனுப்பு என்பான். ஒத்துப்போகாவிட்டால் கணக்கை மூடிவிடுவான், போட்ட காசும் போச்சு.

கடைசி விஷயத்தில் பொன்னுரங்கத்துக்குக் கவலையில்லை, முகம் ஒத்துப்போகாதது அவனுக்குப் பழக்கம்தான். அவன் வோட்டர் கார்டில் இருந்த முகத்தை அவன் அம்மாவே ஒப்புக்கொள்ளவில்லை.

“அப்ப அது திறக்கறதுக்கு என்னதாங்க வழி?” என்று செங்கோட்டுவேல் கேட்டான்.

கார்மேகத்துக்குப் பொறுமை போயிற்று. “நாட்ட விட்டு வெளிய போனாத்தான் திறக்கும். போயி உங்க வேலையப் பாருங்க” என்றார்.

முதலில் சிம் கார்டைக் கழற்றினார்கள். ‘இணைய இணைப்பு இல்லை’ என்று வந்தது. நாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கம்பெனிக்காரன் ஒரு படி இறங்கி வந்துவிட்டான் என்று ஆளுக்கு ஒரு பஜ்ஜி சாப்பிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தும் அடுத்த படி இறங்காததால் சிம்மைத் திரும்பப் போட்டார்கள்.

மறுநாள் சாட்டிலைட்டின் கண்ணுக்குத் தப்ப, போனைக் காலி டீசல் பேரலுக்குள் வைத்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று காட்டும் மேப்பைத் திறந்து வைத்து, பொன்னுரங்கம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். புள்ளி துள்ளிக் குதித்துப் போய்ப் பள்ளிபாளையத்துப் பக்கம், ஆற்றின் நடுவில் நின்றது.

“அண்ணா, நாம காவேரிக்குள்ள நிக்கறோம்” என்று பேரலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

செங்கோட்டுவேல் குனிந்து காலைப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. கைலாசம் எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டியைத் தூக்கிக் கட்டினான். அத்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாம் அங்கே இருப்பதாக ஊருக்கே தெரிந்த பிறகு, யாராவது தேடி வந்து ஆளைக் காணோம் என்றால் அசிங்கம் என்று பேசி, வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிபாளையம் பாலத்துக்குப் போய் நின்றார்கள். அங்கே மேப்பைத் திறந்தால் புள்ளி திருச்செங்கோட்டில் இருந்தது. அதற்குள் திரும்பிவிட்டோம் போல என்று சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தார்கள்.

அன்று கைலாசம் அந்த வாரத்துப் பேச்சு முழுவதையும் ஒரே மூச்சில் பேசினான். “நாட்ட விட்டு வெளிய போங்கன்னாரு. உங்க வேலையப் பாருங்கன்னாரு. நம்ம வேலை என்ன? தோண்டறது.”

மூவரும் அவனையே பார்த்தார்கள். பக்கவாட்டில் போனால்தான் நாடு ஆயிரம் மைலுக்கு நீண்டுகொண்டே போகிறது. நேர் கீழே எவ்வளவு தூரம்?

பட்டாவில் நீளமும் அகலமும்தான் போட்டிருக்கிறது, ஆழம் போடவில்லை என்று அத்தப்பன் சட்டம் சொன்னான். மண்ணுக்குள் இருக்கிற கனிமமெல்லாம் கவர்மெண்டுது என்கிறார்களே என்று பொன்னுரங்கம் இழுத்தான். இதற்குச் செங்கோட்டுவேல்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அவன் கண்ணை மூடி, தான் போட்ட போர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தான்.

“ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழ இதுவரைக்கும் எவனாச்சும் வோட்டுக் கேட்டுப் போயிருக்கறானா?”

யாரும் போனதாகத் தெரியவில்லை.

“அப்ப அது நம்ம நாடில்ல.”

ஊருக்கு வெளியே ராமலிங்கம் என்பவரின் தென்னந்தோப்பில் சரியாக ஆயிரத்து இருநூறு அடியில் ஒரு போர் இருந்தது. ஆறு வருஷம் முன்பு இவர்களே போட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து மழையை நம்பியே மரங்களை வைத்திருந்தவர், இவர்களைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். நாலு பேரும் வண்டியோடு வந்து, போரை ஒரு மணி நேரம் உபயோகப்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தண்ணீர் வராத ஓட்டையில் எது போனால் என்ன என்று மூடியைக் கழற்றிவிட்டார்.

போனில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து வைத்து, அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இருபது அடிக்கு ஒருமுறை பொன்னுரங்கம் எண்ணினான். அறுபதாவது எண்ணில் கயிறு தொய்ந்தது. நாலு பேரும் எல்லையில் நிற்கிற மரியாதையோடு தலைத்துண்டை எடுத்தார்கள்.

அப்போது பொன்னுரங்கத்தின் பட்டன் போன் அடித்தது. செங்கோட்டுவேலின் மருமகன். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம், அத்தைக்கு விடாமல் போன் போடுகிறேன், கிடைக்கவே இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

“என்னன்னு சொல்லுதுங்க மாப்பிள்ளை?”

“பொண்ணுங்க மாமா. மூணு கிலோ.”

“அதில்லீங்க. அத்தை போனுக்குப் போட்டா அந்தப் பொம்பளை என்னன்னு சொல்றா?”

“தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு சொல்லுதுங்க” என்றார்.

செங்கோட்டுவேல் போனைக் காதிலிருந்து எடுத்தான். கண் கலங்கியிருந்தது. “எல்லைக்கு வெளிய போயாச்சுப்பா. கம்பெனிக்காரியே ஒத்துக்கிட்டா” என்றான். அத்தப்பன் அவனைக் கட்டிப்பிடித்தான். பேத்தி பிறந்ததற்கும் சேர்த்துத்தான்.

இனி மேலே இழுப்பது எப்படி என்று விவாதம் வந்தது. திரும்ப எல்லை தாண்டுவது போனுக்குத் தெரிவதற்குள் சடாரென்று இழுக்க வேண்டும் என்றான் அத்தப்பன். சடாரென்று இழுத்தால் முழித்துக்கொள்ளும், தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும் என்றான் பொன்னுரங்கம். முக்கால் மணி நேரம் பேசியும் முடிவாகாத நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டில் பாவாயி வந்து இறங்கினாள். கையில் துணிப்பை. சேதி பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்து, அவள் பவானிக்குக் கிளம்பியாகிவிட்டது.

“ஏனுங்க, போன் எங்கீங்க?”

“வெளிநாட்டுல இருக்குது.”

பாவாயி கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனவள். அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள், கயிறு போகிற ஓட்டையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுக்க ஆரம்பித்தாள். சடாரென்றும் இல்லை, மெதுவாகவும் இல்லை. போன் மேலே வந்தது.

செங்கோட்டுவேல் பிளாஸ்டிக் பையைப் பிரித்து எட்டிப் பார்த்தான். இறக்கும்போது எது இருந்ததோ அதுவே இருந்தது. ‘மன்னிக்கவும். நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தச் சேவை கிடையாது.’

“அந்த நாட்டுலயும் தடையாம்” என்றான்.

“பாவம், அவங்களும் நம்மளாட்டத்தான்” என்றான் பொன்னுரங்கம்.

பாவாயி போனைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். நாலு பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு நாடு முடிந்தால் அடுத்த நாடு ஆரம்பிக்காமலா இருக்கும்? போன் பவானி போய் வரட்டும், அதற்குள் நாட்டைக் கண்டுபிடித்து வைப்போம். ராமலிங்கத்திடம் கேட்டார்கள். காசு வேண்டாம், இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கிறோம் என்றதும், அவர் நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டினார்.

வண்டியைப் போருக்கு நேராக நிறுத்தி, மேலே படுத்திருந்த இரும்புப் பீமைத் தூக்கி நிமிர்த்தி, ராடு மேல் ராடாக மாட்டினார்கள். வேலை என்று வந்துவிட்டால் நாலு பேரும் சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது. மதியம் மூன்று மணிக்கு ஆயிரத்து நானூற்று அறுபதாவது அடியில் பூமி ஒரு தரம் விக்கியது. பிறகு தென்னை மரத்துக்கு மேல் தண்ணீர் பீறிட்டு அடித்தது.

ராமலிங்கம் வேட்டியோடு அதற்குள் ஓடினார். ஆறு வருஷத்துத் தண்ணீரும் ஒரே நாளில் வந்த மாதிரி, நனைந்துகொண்டே அழுதார்.

செங்கோட்டுவேல் முகம் வெளுத்து இஞ்சினை அணைத்தான், அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. “ரொம்பத் தூரம் வந்துட்டோம். கடல் வந்துருச்சு” என்றான்.

கைலாசம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். “உப்பில்ல” என்றான்.

“நம்ம கடலா இருந்தா உப்பு இருந்திருக்கும்” என்றான் அத்தப்பன். “இது அவங்க கடல். கப்பல் படைக்காரன் வருவான். ஓடுனா சுடுவான். கையத் தூக்கிட்டு நின்னா சட்டப்படி ஒண்ணும் பண்ண மாட்டான்.”

நாலு பேரும் கொட்டுகிற தண்ணீரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்து ராமலிங்கமும் பக்கத்தில் வந்து தூக்கிக்கொண்டார்.

ஐந்து மணி சுமாருக்குத் தோப்பு வீட்டு மீட்டரில் ரீடிங் எடுக்க, காக்கிச் சட்டை போட்ட மின்வாரிய ஆள் சைக்கிளில் வந்தார். செங்கோட்டுவேல் கையை இறக்காமலே நாலு எட்டு முன்னால் போய், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களை மட்டும் எங்கள் நாட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று பணிவாகச் சொன்னான். அவர் எந்த ஊர் என்று கேட்டார். திருச்செங்கோடு என்றான்.

ஆறே காலுக்கு டவுன் பஸ் இருக்கிறது என்றார் அவர்.

அதில் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற்றுவார்களா என்று கேட்டான் பொன்னுரங்கம்.