இன்னும் சின்னத் துளை

"இதைவிடச் சின்னத் துளை இருக்குதுங்களா, மேடம்?"

கேட்டது நாச்சிமுத்து அண்ணன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக எங்கள் ரைபிள் கிளப்புக்கு வருவார். சாயங்காலம் பள்ளி விடுகிறவரைக்கும் சுடுவார். வேனுக்கு டயர் மாற்ற ஆயிரம் யோசனை பண்ணுகிற மனுசன், துப்பாக்கியில் குறி பார்க்கிற சைட்டை மாற்ற மட்டும் யோசிக்கவே மாட்டார்.

துப்பாக்கி என்றதும் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஏர் ரைபிள். யாரோ வேண்டாமென்று போட்டதை வாங்கி, துருவைத் தேய்த்து, கட்டைக்கு எண்ணெய் பூசி, கைக்குழந்தையாட்டம் வைத்திருந்தார்.

அதில் முதலில் இருந்தது வெட்டு சைட். குழலின் பின்பக்கம் ஒரு வெட்டு, நுனியில் ஒரு கம்பி. இரண்டையும் நேர்ப்படுத்திச் சுடவேண்டும். மங்கலாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றினார்.

துளை சைட் வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் தகடு, அதன் நடுவில் பொட்டுத் துளை. அது வழியாகப் பார்த்துச் சுடுவது. பொருத்தின அன்றைக்கு மனுசன் கால் தரையில் நிற்கவில்லை. எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அதுவும் மங்கிப்போனது. தகட்டை மாற்றிச் சின்னத் துளை போட்டார். தெளிந்தது.

மறுபடி மங்கல். மறுபடி இன்னும் சின்னத் துளை.

இப்போது போட்டிருப்பதுதான் கிளப்பின் தகட்டு டப்பாவில் இருந்ததிலேயே சின்னது.

ஜெசிந்தா மேடம்தான் எங்கள் கோச். நாச்சிமுத்து அண்ணனைவிட இருபது வயசாவது இளையவர். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் பாதி நேரம் வாயால் பதில் வராது. எழுந்து போய் எதையாவது எடுத்துக்கொண்டு வருவார். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கும்.

"இதுக்கும் சின்னது நம்மகிட்ட இல்லீங்கண்ணா."

"லேத்துப் பட்டறையில குடுத்துச் செஞ்சுக்கட்டுங்களா?"

"செய்யலாம். இருட்டாத் தெரியுமே?"

"ஆமாங்க. இப்பவே இருட்டுக்கட்டித்தான் இருக்குது. குறி அட்டைக்கு மேல இன்னொரு லைட்டு போட்டுக்கலாமுங்க."

"கண்ணை டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

அண்ணன் சிரித்தார்.

"கண்ணெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க. சைட்டுதான் சரியில்ல."

"காட்டினீங்களான்னு கேட்டேன்."

"அங்க போனா அவரு சும்மா விடுவாருங்களா? வண்டி ஓட்டாதீங்கம்பாரு. வண்டிய விட்டா எனக்கு வேற என்னங்க இருக்குது?"

மேடம் அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

"இடது கண்ணு?"

"அது போன வருசமே புகை புடிச்சாப்லதானுங்க. சுடறது வலது கண்ணுலதானே? இடதை எப்படியும் மூடிக்கறோம்."

ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து மேடையில் பெல்லட் குண்டு போட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பகீரென்றது. என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள்.

மேடம் எழுந்தார். சுடாத அட்டை ஒன்றை எடுத்தார். நோட்டீஸ் போர்டில் இருந்து குண்டூசியைப் பிடுங்கி, அட்டையின் நடுவில் ஒரு குத்து குத்தினார்.

"வாங்கண்ணா."

வாசலுக்குப் போனோம். நல்ல வெயில். கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் வேன் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசாக ஒரு கடை.

"அந்தக் கடை போர்டைப் படிங்க."

அண்ணன் கண்ணைச் சுருக்கினார்.

"பெயிண்ட் கடைங்களா?"

மேடம் அட்டையை நீட்டினார்.

"இடதை மூடிக்கங்க. வலது கண்ணுல இதை ஒட்டினாப்ல வச்சுப் பாருங்க."

பார்த்தார்.

"அட!"

"படிங்க."

"நளபாகம் பேக்கரி. அட அட! தேங்காய் பன், கார பப்ஸ், எல்லாம் போட்டிருக்கானுங்க மேடம்! குண்டூசித் துளைங்க இது! இதே அளவுக்குத் தகட்டுல போட்டா நம்ம ரைபிளை அடிச்சுக்க ஆளே இருக்காது!"

அட்டையை இறக்காமலே குதித்தார். சின்னப் பிள்ளையாட்டம் சந்தோஷம். எனக்குச் சிரிப்பு வந்தது, கேட்டுப் பக்கம் வேனைப் பார்த்ததும் நின்றுபோனது.

"போர்டுக்குக் கீழ என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"கண்ணாடிப் பொட்டி."

"அதுக்கும் கீழ. ரோட்டோரமா."

"ஒரு பிள்ளை நிக்குதுங்க. சின்னப் பிள்ளை. கையில பன்னு. யாரு, கடைக்காரர் மகளாட்டம் இருக்குது. ஏனுங்க, ரோட்டு மேலயே நிக்குதே? உள்ள கூப்பிட மாட்டாங்களா?"

"அட்டையை எடுங்கண்ணா."

எடுத்தார்.

"பிள்ளை எங்க?"

அண்ணன் ரோட்டோரத்தைத் தேடினார்.

அட்டையைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

பிள்ளை எங்கேயும் போகவில்லை. அங்கேயே நின்று பன்னைத் தின்றுகொண்டிருந்தது. கடைக்குள் இருந்து ஒரு பெண் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள். அதை நானும் மேடமும் பார்த்தோம்.

அண்ணன் அட்டையை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார். மேல்சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடி, ஒரு பெயரை அழுத்தினார். அவருடைய மச்சினன் ராசப்பன். அவனும் வேன் ஓட்டுகிறவன்தான்.

"ராசப்பா, இன்னைக்குச் சாயங்காலம் எம்பட வேன் பிள்ளைகளை நீ கூட்டிட்டுப் போயி விடோணும். வண்டி கிளப்பு கேட்டுக்கிட்டத்தான் நிக்குது."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டான்.

"நாளைக்கும் நீதான்."

மறுபடி கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. நீ வா, சொல்றேன்."

போனை வைக்கப்போனவர் வைக்கவில்லை. வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வந்தா ஒரு குரல் குடு, ராசப்பா. கிட்ட வர்ற வரைக்கும் வர்றது நீதானான்னு எனக்குப் பிடிபடாது."